சொத்தையைக் காட்டும் கணினி... துளை போடச் சொல்வது யார்?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் பெரியவர்கள். பல் போகும் முன்பே சொல் போய்விடும் இடம் ஒன்று உண்டு. அதுதான் பல் டாக்டரின் சாய்வு நாற்காலி! வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவர் என்ன கேள்வி கேட்க முடியும்? டாக்டர் சொல்வதற்கெல்லாம் "ம்ம்" என்று முனகத்தான் முடியும்.

இப்போது அந்த நாற்காலிக்கு எதிரே ஒரு கணினித் திரையும் வந்துவிட்டது. எடுத்த சில நொடிகளில் பல்லின் எக்ஸ்-ரே படம் அதில் தெரிகிறது. அந்தச் சாம்பல் நிறப் படத்தில் சாதாரண மனிதருக்கு எதுவும் புரியாது. ஆனால் ஒரு மென்பொருள் அந்தப் படத்தை அலசி, பற்களைச் சுற்றிக் கலர் கலராகக் கட்டம் போடுகிறது. சிவப்புக் கட்டம் என்றால் சொத்தை. மஞ்சள் கோடு என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது. பார்த்தவுடன் நோயாளிக்கு வயிற்றில் புளி கரைக்கிறது. "கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே, அப்புறம் என்ன?" என்று தலையாட்டி விடுகிறார்.

கணினி உண்மையில் என்ன சொன்னது? "இங்கே துளை போடு" என்றா சொன்னது? இல்லை. "இந்த இடத்து நிழல், சொத்தை என்று எனக்குக் கற்றுத் தரப்பட்ட நிழல்களைப் போல இருக்கிறது" என்று மட்டும்தான் சொன்னது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஒரு நல்ல பல்லின் தலையெழுத்தே இருக்கிறது. கணினி நல்ல உதவியாளர், ஆனால் அதைத் தீர்ப்பு சொல்லும் நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

25 நிமிடத்தில் தொடங்கிய கதை

ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஆண்டு ஜனவரியிலேயே ஓட்டோ வால்கோஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் தன் சொந்தப் பற்களையே படம் எடுத்தார். அதற்கு அவர் அசையாமல் இருந்த நேரம் 25 நிமிடம்! இன்று அந்தப் படத்துக்கு ஒரு நொடியின் சிறு பகுதியே போதும்.

அந்தக் காலத்தில் இந்தக் கதிரின் ஆபத்து யாருக்கும் முழுதாகத் தெரியாது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் இத்துறையின் முன்னோடி. படத்தகட்டைத் தன் கையாலேயே பிடித்துப் பிடித்துப் பல வருடம் வேலை செய்தார். விரல்களில் புற்றுநோய் வந்தது. பல அறுவை சிகிச்சைகள் செய்து கையை இழந்தார். கடைசியில் 1928ல் தன் உயிரைத் தானே முடித்துக் கொண்டார். பல் எக்ஸ்-ரே என்பது சும்மா ஒரு போட்டோ அல்ல என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

பிலிமுக்குப் பதிலாக வாய்க்குள் ஒரு சின்ன சென்சாரை வைத்து நேராகக் கணினியில் படம் பார்க்கும் முறையை 1987ல் பிரான்ஸைச் சேர்ந்த பல் மருத்துவர் பிரான்சிஸ் மூயன் கொண்டு வந்தார். அதன் பெயர் ரேடியோவிசியோகிராபி. கிளினிக்குகளில் ஆர்.வி.ஜி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1990களின் கடைசியில் கோன் பீம் சி.டி. வந்தது. இத்தாலியின் வெரோனாவிலும் ஜப்பானிலும் நடந்த வேலையின் பலன் அது. தாடையை முப்பரிமாணத்தில் பார்க்க வழி பிறந்தது.

இதில் முக்கியமான விஷயம் படம் வேகமாகக் கிடைத்தது மட்டுமல்ல. படம் எண்ணாக மாறியது! பிலிமில் இருந்த நிழல், கணினியில் எண்களின் அட்டவணை ஆனது. 8 பிட் படம் என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 255 வரை ஒரு எண். 12 பிட் என்றால் 4096 சாயல்கள். எண் என்று வந்துவிட்டால் கூட்டலாம், கழிக்கலாம், ஒப்பிடலாம். கணினிப் பட ஆய்வு என்ற துறையே அங்கேதான் பிறக்கிறது.

கண் ஏமாறும் இடங்கள்

மருத்துவரின் கண் போதாதா, கணினி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில், கண் பல இடங்களில் ஏமாறும் என்பது.

முதலாவது, எக்ஸ்-ரே என்பது நிழல். முப்பரிமாணமுள்ள பல் ஒரு தட்டையான படத்தில் விழுகிறது. பக்கத்துப் பற்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித் தெரிந்தால் நடுவில் இருக்கும் சொத்தை மறைந்து போகும். இரண்டாவது, வெளிச்சமான பகுதியும் இருண்ட பகுதியும் சந்திக்கும் விளிம்பில், இல்லாத ஒரு கறுப்புப் பட்டையைக் கண் தானாகவே உண்டாக்கிக் கொள்ளும். இதற்கு மாக் பட்டை என்று பெயர். விஞ்ஞானி எர்ன்ஸ்ட் மாக் 19ம் நூற்றாண்டிலேயே விளக்கிய விஷயம் இது. மூன்றாவது, பல்லின் கழுத்துப் பகுதியில் எனாமலும் எலும்பும் இல்லாத சின்ன இடம் கதிரை அதிகம் உள்ளே விடுவதால் அங்கே இயல்பாகவே கறுப்பாகத் தெரியும். அனுபவம் இல்லாதவர் அதைச் சொத்தை என்று நினைத்துக் கொள்வார்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பல்லின் ஓரிடத்தில் ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் தாது கரைந்த பிறகுதான் அது எக்ஸ்-ரேயில் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதாவது படத்தில் தெரியும்போது நோய் ஏற்கெனவே கொஞ்ச தூரம் நடந்திருக்கும்.

இங்கேதான் கணினி கைகொடுக்கிறது. 1980களிலேயே ஒரு அழகான உத்தி வந்துவிட்டது. ஒரே பல்லை ஒரே கோணத்தில் சில மாத இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்து, ஒரு படத்தின் எண்களிலிருந்து இன்னொரு படத்தின் எண்களைக் கழிப்பது. மாறாத இடமெல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். மாறிய இடம் மட்டும் தனியாகத் தெரியும். எத்தனை எளிய கணக்கு! பிரச்சினை என்னவென்றால் இரண்டு முறையும் கோணம் கொஞ்சமும் மாறக் கூடாது. நடைமுறையில் அது கஷ்டம்.

மாணவன் எப்படி, ஆசிரியர் எப்படி?

ஆரம்ப கால மென்பொருள்கள் மனிதர் எழுதிக் கொடுத்த விதிகளின்படி வேலை செய்தன. விளிம்பு எங்கே, அடர்த்தி எங்கே குறைகிறது என்று கணக்கிட்டன. 1998ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற லாஜிகான் என்ற மென்பொருள், பல் இடுக்குச் சொத்தையைக் கண்டறிய மருத்துவருக்கு உதவும் வகையில் வந்தது.

பிறகு காற்று வேறு பக்கம் அடித்தது. விதிகளை எழுதுவதற்குப் பதில், ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி "இது சொத்தை, இது இல்லை" என்று கணினிக்கே கற்றுக் கொடுக்கும் முறை வந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தினர் 2015ல் வெளியிட்ட யூ-நெட் என்ற நரம்பு வலையமைப்பு, மருத்துவப் படங்களைப் பகுதி பகுதியாகப் பிரிப்பதில் பெரிய திருப்பம். அதே ஆண்டு நடந்த ஒரு சர்வதேசப் போட்டியில் பல் எக்ஸ்-ரேயில் சொத்தையைக் கண்டறியும் பிரிவிலும் அது வென்றது. 2021, 2022ம் ஆண்டுகளில் ஓவர்ஜெட், பேர்ல் போன்ற நிறுவனங்களின் மென்பொருள்களுக்கு எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது.

சரி, கணினி என்ற மாணவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது யார்? பல் மருத்துவர்கள்தான். படத்தில் கோடு போட்டுக் காட்டியது அவர்கள். ஆனால் அதே படத்தை இரண்டு மருத்துவர்களிடம் கொடுத்தால் இரண்டு விதமாகக் கோடு போடுவார்கள். ஒரே மருத்துவரே ஒரு மாதம் கழித்து வேறு மாதிரி போடுவதும் உண்டு. உண்மையில் சொத்தை இருந்ததா என்று நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால், அந்தப் பல்லைப் பிடுங்கி, மெல்லிய துண்டாக அறுத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும் மனிதரின் பல்லை அப்படிச் செய்ய முடியுமா? ஆகவே கணினி கற்றது பெரும்பாலும் உண்மையை அல்ல, மருத்துவர்களின் கருத்தை! அந்தக் கருத்தில் பிழை இருந்தால் மாணவனிடமும் அந்தப் பிழை இருக்கும். ஒரே ஒரு வித்தியாசம், மாணவன் தயங்காமல் சொல்வான்.

பெர்லின் சொன்ன பாடம்

பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் 2021ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 22 பல் மருத்துவர்கள் எக்ஸ்-ரே படங்களைச் சில முறை கணினி உதவியோடும் சில முறை உதவி இல்லாமலும் பார்த்தார்கள். சொத்தை இருப்பதைப் பிடிக்கும் திறன் 72 சதவீதத்திலிருந்து 81 சதவீதமாக உயர்ந்தது. முக்கியமாக எனாமலில் மட்டும் இருக்கும் ஆரம்பச் சொத்தைகள் அதிகம் பிடிபட்டன. கைதட்ட வேண்டிய விஷயம்தான்!

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. கணினி உதவி இருந்தபோது, துளை போட்டு அடைக்கலாம் என்ற முடிவுகளும் அதிகமாயின. இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

ஏன்? எனாமலில் நிற்கும் ஆரம்பச் சொத்தை என்பது மரண தண்டனை இல்லை. ஃப்ளூரைடு, ஒழுங்காகப் பல் துலக்குதல், இனிப்பைக் குறைத்தல் ஆகியவற்றால் அதை அங்கேயே நிறுத்த முடியும். சில சமயம் தாது திரும்பவும் படியும். ஆனால் டிரில் போட்டால் போட்டதுதான். எனாமல் மறுபடி வளராது. அடைத்த ஃபில்லிங் சில வருடங்களில் தேயும், விளிம்பில் விரிசல் விடும். மாற்றும்போது துளை இன்னும் கொஞ்சம் பெரிதாகும். அப்புறம் ரூட் கேனால், அதன் மேல் கேப். ஒரு சின்னத் துளையில் தொடங்கிய பயணம் பல்லையே இழப்பதில் முடியக் கூடும். சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லது. சீக்கிரம் துளைப்பது நல்லதல்ல.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். இது வெறும் உதாரணம்தான். 100 பல் பக்கங்களில் 10 பக்கத்தில் சொத்தை இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மென்பொருள் அதில் 8ஐப் பிடிக்கிறது. மீதி 90 நல்ல பக்கங்களில் பத்தில் ஒன்றைத் தவறாகச் சொத்தை என்கிறது. அதாவது 9. ஆக மொத்தம் திரையில் 17 சிவப்புக் கட்டங்கள். அதில் 9 பொய்! பாதிக்கு மேல் பொய். சொத்தை குறைவாக உள்ள சுத்தமான வாயில் இந்தப் பொய்க் கட்டங்களின் பங்கு இன்னும் கூடும். "90 சதவீதம் சரியாகச் சொல்லும்" என்ற விளம்பரத்தைப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

வேறொரு துறையில் பட்ட சூடு

இந்த அனுபவம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. மார்பகப் புற்றுநோய்க்கான மாமோகிராம் படங்களை அலசும் கணினி முறைக்கு அமெரிக்காவில் 1998லேயே அனுமதி கிடைத்தது. வேகமாகப் பரவியது. அதைப் பயன்படுத்தினால் காப்பீட்டில் தனியாகப் பணமும் கிடைத்தது. 2007ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கணினி முறையைப் புகுத்திய மையங்களில், திசுவை வெட்டி எடுத்துச் செய்யும் பயாப்ஸி சோதனைகள் ஏறத்தாழ 20 சதவீதம் கூடியிருந்தன. ஆனால் புற்றுநோயைக் கண்டுபிடிப்பதில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை. 2015ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வும் துல்லியம் கூடவில்லை என்றே சொன்னது.

இன்றைய நரம்பு வலையமைப்புகள் அந்தப் பழைய முறையைவிட எவ்வளவோ மேல். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் பாடம் பழையதாகவில்லை. கட்டம் போட்டால் காசு என்ற நிலை வந்தால், கட்டங்கள் கூடும். பல் மருத்துவத்தில் இந்த அபாயம் அதிகம். ஏனென்றால் படம் எடுப்பவர், படத்தைப் படிப்பவர், துளை போடுபவர், பணம் வாங்குபவர் எல்லாம் பெரும்பாலும் ஒருவரே.

யாருடைய வாய்?

இன்னொரு கேள்வி. கணினி கற்றுக் கொண்டது யாருடைய பற்களை வைத்து?

1973ல் கனடாவில் டெமிர்ஜியன் குழுவினர், கீழ்த்தாடையின் இடப்பக்க 7 பற்களின் வளர்ச்சியை 8 படிகளாகப் பிரித்து, எக்ஸ்-ரேயிலிருந்து குழந்தையின் வயதைக் கணிக்கும் முறையை உருவாக்கினார்கள். பிரெஞ்சு வம்சாவளிக் கனடியக் குழந்தைகளை வைத்து உருவான முறை அது. உலகமெங்கும் பயன்பட்டது. அதையே தென்னிந்தியக் குழந்தைகளிடம் சோதித்த ஓர் ஆய்வு 1998ல் வெளிவந்தது. முடிவு? உண்மையான வயதைவிட ஏறத்தாழ 3 ஆண்டுகள் கூடுதலாகக் காட்டியது!

3 வருடம் என்றால் சாதாரணமா? இந்தியாவில் 2015ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94வது பிரிவு, வயதை நிரூபிக்கப் பள்ளிச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் பார்க்கச் சொல்கிறது. அவை இல்லாதபோது மட்டும் மருத்துவச் சோதனைக்குப் போகச் சொல்கிறது. காகிதம் இல்லாத பிள்ளைகள் யார்? ஏழைப் பிள்ளைகள், வீடற்ற பிள்ளைகள். 16 வயதுப் பையனை 19 என்று ஒரு படம் சொன்னால், அவன் போகும் இடமே மாறிவிடும். அந்தப் பழைய அட்டவணையை அப்படியே ஒரு மென்பொருளுக்குள் வைத்தால், அதே பிழை தசமப் புள்ளியோடு வந்து நிற்கும். தசமப் புள்ளியைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அப்படியானால் வேண்டாமா?

வேண்டும்! மூடி வைக்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஈறு நோயில் எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று அளப்பது சலிப்பூட்டும் வேலை. கணினிக்குச் சலிப்பு கிடையாது. பல் சீரமைப்புக்கு முன் தலையின் பக்கவாட்டு எக்ஸ்-ரேயில் வரிசையாகப் புள்ளிகளைக் குறித்துக் கோணம் அளக்க வேண்டும். அதில் கணினி நேரத்தை மிச்சப்படுத்துகிறது. கீழ்த்தாடையில் ஓடும் நரம்புக் குழாயைக் கோன் பீம் படத்தில் கோடிட்டுக் காட்டினால், ஞானப்பல் எடுக்கும்போதும் இம்ப்ளான்ட் வைக்கும்போதும் உதடு நிரந்தரமாக மரத்துப் போகும் ஆபத்து குறையும். நாளின் 30வது நோயாளியைப் பார்க்கும் களைத்த கண்ணுக்கு இரண்டாவது கண் ஒரு வரம். பயிற்சி மருத்துவர்களுக்கு அது நல்ல ஆசான்.

ஆக, வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எப்படி வேண்டும் என்பதுதான் கேள்வி. நான்கு விஷயங்கள் அவசியம்.

1. மருத்துவர் முதலில் கட்டங்கள் இல்லாத வெறும் படத்தைப் பார்த்துத் தன் முடிவைக் குறிக்க வேண்டும். அதன் பிறகே கணினியின் கட்டங்களைத் திறக்க வேண்டும். விடையை முதலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுபவன் கணக்கைச் சரிபார்ப்பதில்லை. பரீட்சை எழுதிய எல்லோருக்கும் இது தெரியும்.

2. மென்பொருள் யாருடைய படங்களில் கற்றது, எந்த எந்திரத்தில் எடுத்த படங்கள், எத்தனை முறை தவறுகிறது என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எந்த ஊரில் விற்கிறாரோ அந்த ஊர் மக்களின் படங்களில் சோதித்துக் காட்ட வேண்டும்.

3. சிவப்புக் கட்டம் மட்டுமே டிரில்லுக்குக் காரணமாகக் கூடாது. பல்லை உலர்த்தி நேரில் பார்த்தது, நோயாளியின் பழக்கங்கள், பழைய படத்தோடு ஒப்பிட்டது என எல்லாம் சேர்ந்துதான் முடிவு. கணினியை மிக நன்றாகப் பயன்படுத்தும் வழியே இந்த ஒப்பீடுதான். இன்று ஒரு நிழல் இருப்பது பெரிதல்ல, அது வளர்கிறதா நிற்கிறதா என்பதே பெரிது.

4. கணினிக்குத் தீனி போடுவதற்காகத் தேவையில்லாமல் எக்ஸ்-ரே எடுக்கக் கூடாது. ஒரு பல் எக்ஸ்-ரேயின் கதிர் அளவு மிகக் குறைவுதான். அதற்காகக் காரணமில்லாமல் எடுக்கலாமா? கெல்ஸின் கையை மறந்துவிடக் கூடாது.

கடைசியாக...

நோயாளிக்கும் ஒரு பங்கு உண்டு. வாயிலிருந்து கருவிகளை எடுத்த பிறகு, எழுந்து உட்கார்ந்து நான்கு கேள்வி கேட்கலாம். இது எனாமலிலா, அதற்கும் உள்ளே டென்டினிலா? மேற்பரப்பில் குழி விழுந்திருக்கிறதா? ஆறு மாதம் பொறுத்து மறுபடி பார்த்தால் என்ன ஆகும்? படத்தின் நகல் கிடைக்குமா? நல்ல மருத்துவர் யாரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கணினியால் இவற்றில் முதல் கேள்விக்கு ஓரளவு பதில் சொல்ல முடியும். மற்றவற்றுக்கு மனிதர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெரியவர்கள் சொன்னதைக் கொஞ்சம் திருப்பிப் போடலாம். பல் போனால்தான் சொல் போகும் என்பதில்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல் போனால், பல்லும் போகும்!